ஒடுக்கத்துப் புதனில் நனைந்த நெல்லு

ஏறாவூர்,
1944 மார்ச் 15.

அல்லாஹ்வின் காவலில் நீண்ட ஹயாத்தோடு இருக்க வேண்டிய என் மகன் சாலிஹுக்கு உம்மா சித்தி நபீஸாவின் சலாம். நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி றமீஸா எழுதுகிறாள். இங்கே நானும் வாப்பாவும் தங்கச்சியும் சுகம். தண்ணீரில் நின்றதால் வாப்பாவின் முழங்கால் வீங்கியிருந்தது, எண்ணெய் காய்ச்சி உருவிவிட்டேன், இப்போது ஐந்து நேரமும் பள்ளிக்கு நடந்துதான் போகிறார். வெள்ளாடு குட்டி போட்டிருக்கிறது, ஒன்று கறுப்பு, ஒன்றின் நெற்றியில் வெள்ளை. உன் சுகத்துக்காக ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்துகிறேன். பதுளைக் குளிரில் விடியற்காலையில் பச்சைத்தண்ணீரில் குளிக்காதே, கடை முதலாளி எழுப்பினாலும் தலையை மூடிக்கொண்டு எழும்பு, போன வருஷம் உனக்கு வந்த இருமல் இன்னும் என் காதில் கேட்கிறது.

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. ஏறாவூர் வயல்வட்டையில் நெல்லெல்லாம் மழையில் போய்விட்டதாம், கடைக்கு வந்த ஆட்கள் சொன்னார்கள், வருஷச் சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள், நான் கடையை விட்டுவிட்டு வந்து கூலிக்குப் போகவா என்று கேட்டிருந்தாய். றமீஸா வாசிக்க வாசிக்க நான் முதலில் அழுதேன், பிறகு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகனே, நெல்லு நனைந்தது உண்மை. போகவில்லை. நீ கடையை விட்டு வரவும் வேண்டாம், கூலிக்குப் போகவும் வேண்டாம். இந்த வீட்டில் இப்போது பானை, சாடி, மண்ணெண்ணெய்த் தகரம் என்று வாயுள்ள எதைத் திறந்தாலும் உள்ளே சாப்பாடு இருக்கிறது. அது எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். இதில் சில இடங்களை எழுதமாட்டேன் என்று இவள் இப்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். நீ எழுது, சொல்கிறவள் நான், எழுதுகிறவளுக்கு என்ன வெட்கம் என்று சொல்லியிருக்கிறேன்.

இந்த மாரிப் போகம் நல்ல விளைச்சல் என்று உனக்கு முன்பே எழுதியிருந்தோம். பர்மா அரிசி வராமல் போனதிலிருந்து கூப்பனுக்குத் தருகிற அரிசி பாதிக் கிழமைக்கும் காணாது, மீதிக்குக் கோதுமை மா தருகிறார்கள், அந்த மாவில் ரொட்டி சுட்டால் வாப்பா அதைத் தேத்தண்ணியில் ஊறவைத்து, கல்லை ஊறவைக்கிறேன் நபீஸா என்று சொல்லிச் சொல்லித் தின்கிறார். அதனால் ஊரில் எல்லாருடைய கண்ணும் இந்த வெள்ளாமையில்தான் இருந்தது. நம் வயலும் நிலக்காரர் அசனார் போடியாரின் பங்கு வயல்தானே, கதிர் அறுத்து, எருமை விட்டு மிதித்து, காற்றில் தூற்றிச் செவ்வாய்க்கிழமை பொழுதுபட முன்னரே பொலி களத்தில் குன்றுபோல் குவிந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு வந்து வாப்பா, நபீஸா, இந்த வருஷம் நம்மட புள்ளைகள் கூப்பன் கடை வாசல்ல நிக்கத் தேவல்ல என்றார். இனிப் பங்கு பிரித்து, தோணியில் ஏற்றி, வாவியைக் கடந்து வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் பாக்கி. ஆனால் மறுநாள் ஒடுக்கத்துப் புதன். சபர் மாதத்துக் கடைசிப் புதனில் பொலியில் கைவைத்தால் பரக்கத்துப் போய்விடும், வியாழன் சுபஹோடு ஏற்றுவோம் என்று போடியார் சொல்ல, எல்லோரும் சரி என்று கரைக்கு வந்துவிட்டார்கள். புதன்கிழமை வழமைபோல் எல்லோரும் குளித்தார்கள், மாவிலையில் எழுதிய குர்ஆன் ஆயத்தைக் கழுவிக் குடித்தார்கள், போடியார் வளவில் ஊருக்குச் சாப்பாடு. நாளைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன், நம் மூத்தவர்கள் பேணிவந்த நாள் அது. ஆனால் பொலியை மூடுகிற பெரிய படங்கை யாராவது கழற்றிக்கொண்டு வருவார்களா. சாப்பாட்டுப் பந்தலுக்கு நிழல் போதாது என்று அதை அவிழ்த்துக் கொண்டுவந்து போடியார் வாசலில் கட்டியிருக்கிறார்கள். களத்துக் காவற்காரனும் குளிக்க வந்துவிட்டான். ஆட்கள் படங்குக்குக் கீழே சோறு தின்ன, நெல்லு வானத்துக்குக் கீழே கிடந்தது.

அசர் நேரம் கிழக்கே கறுத்தது. இந்த மாதத்தில் என்ன மழை, சும்மா மிரட்டுகிறது என்றுதான் பேசிக்கொண்டார்கள். பிறகு கொட்டியது பார் மகனே, மார்கழியில்கூட நான் அப்படி ஒரு மழை பார்க்கவில்லை. காற்றில் தோணி விட முடியாமல் ஆண்கள் கரையில் நின்று தலையில் கைவைத்தார்கள். வியாழன் காலையில் போய்ப் பார்த்தால் களத்துக்குள் முழங்கால் தண்ணீர், பொலியின் அடி முழுக்கத் தண்ணீரில் நிற்கிறது, மேல் பாதி ஊறிப்போய்க் கிடக்கிறது. வாப்பாவும் மற்றவர்களும் கடகம் கடகமாக அள்ளித் தோணியில் போட்டுக் கொண்டுவந்து நம் வளவிலும் போடியார் வளவிலும் பாய் விரித்துக் கொட்டினார்கள். கொட்டி என்ன செய்ய, வெயில் இல்லை. தூறல் விட்டால் மப்பு, மப்பு விட்டால் தூறல். நான் நெல்லுக்குள் கையை விட்டுப் பார்த்தேன், காய்ச்சல்காரப் பிள்ளையின் வயிறுபோலச் சுட்டது. அவித்துப் புழுங்கலாக்கலாம் என்றாலும் அதைக் காயப்போட வெயில் வேண்டும். அரிசியாகக் குற்றினால் ஈர நெல்லு மாவாக உடையும். இன்னும் இரண்டு நாள் விட்டால் முளைவிடும், அல்லது நாறும். அடுத்த போகம் வரைக்கும் என்ன தின்பது. நான் அடுப்படியில் இருந்து அழுதுகொண்டிருந்தபோது றமீஸா வந்து என் முதுகுப் பக்கம் நின்று, உம்மா அவல் என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, நெல்லு போன கவலையில நான் இரிக்கன், உனக்கு அவல் கேக்குதா, போடி அங்கால என்று ஏசிவிட்டேன். அவள் திரும்பிப் போய்விட்டாள். அவளுடைய சுபாவம் உனக்குத் தெரியும்தானே, ஐந்தாம் வகுப்போடு பெரியபிள்ளையாகிப் பள்ளிக்கூடம் நின்றதிலிருந்து மாமி வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் விடாய்த்தால் என் காதில்தான் சொல்வாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு போடியாரும் வாப்பாவும் வயற்காரர்களும் நம் வேலியோரம் கூடி நின்றார்கள். மட்டக்களப்பிலிருந்து மர்சூக் என்று ஒரு யாவாரி, வெறும் மாட்டுக்கரத்தைகளோடு வந்திருந்தான். எங்கே நெல்லு நனைந்தாலும் இவனுக்கு எப்படித்தான் மணக்குமோ. ஒரு பிடி நெல்லை அள்ளிப் பிழிந்து, போடியார், இது நெல்லில்ல, கஞ்சி, அடுப்பில வைக்காததுதான் குறை என்றான். பிறகு, தாறா வாத்து வளக்கிற ஒருத்தன் கேட்டான், ஒங்கட முகத்துக்காக எடுக்கன், நாளைக்கெண்டா தாறாவும் வேணாமெண்டிரும் என்றான். வாப்பா, நாங்க வருஷம் முழுக்கப் பாடுபட்டது தாறாவுக்கா என்று கேட்டார். மர்சூக் சிரித்துக்கொண்டு, தாறாவுக்கு இல்லாட்டி மீனுக்கு, வாவி பக்கத்திலதானே இரிக்கி, கொட்டிட்டுப் போங்க என்றான். பங்கு பிரிக்காத பொலி, போடியார் சொல்லாமல் யாரும் ஒரு கொத்தும் எடுக்க முடியாது. எல்லோரும் போடியார் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் சரி, ஏத்து என்று சொல்ல வாய் எடுத்தார். அப்போதுதான் மகனே, கிடுகு வேலிக்கு உள்ளேயிருந்து நம் பிள்ளையின் குரல் கேட்டது. போடியார் மாமா, குடுக்காதீங்க என்றாள்.

நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்தேன். வேலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், வாய் மட்டும் நிற்கவில்லை. அவலுக்கு நெல்ல நாமளே ஊறப்போடுறதானே மாமா, இது ஊறி இரிக்கி, வறுத்து இடிச்சா அவல்தான், வெயில் தேவல்ல, நெருப்பு மட்டும் போதும் என்றாள். ஆண்கள் அங்கும் இங்கும் பார்க்கிறார்கள், யார் பேசியது என்று தெரியவில்லை. மர்சூக், என்ன போடியார், ஒங்கட ஊரில வேலியும் யாவாரம் பேசுமா என்றான். சிலபேர் சிரித்தார்கள். வாப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது, மகளை ஏசுவதா மர்சூக்கை ஏசுவதா என்று அவருக்கே தெரியவில்லை. போடியார் வேலிப் பக்கம் திரும்பி, ஒரு பொலிய அவலாக்கி ஆருகா தின்னுற, அவல் குடுக்க முழு ஊருமா புள்ளப்பெத்த வீடு என்று கேட்டார். பசிச்ச ஆக்கள் தின்னுவாங்க மாமா, அவல் காஞ்சிதானே இரிக்கும், பானையில மூடி வச்சா கெடாது, ஆக்கக்கூடத் தேவல்ல, நனைச்சித் தின்னலாம் என்றாள். போடியார், இது ஒரு ஊட்டு உரலால ஏலுமா என்றார். ஏலா, தெருவிலிரிக்கிற எல்லா உரலும் வேணும் என்றாள். போடியார் தாடியைத் தடவிக்கொண்டு, மர்சூக், நீ ஒரு தேத்தண்ணி குடி, இந்தப் புள்ளைகள் ஒரு உரல் இடிச்சிக் காட்டட்டும், மறுகா பேசுவம் என்றார். இந்த இடத்தை எழுதும்போது இவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், எடுத்துக் கையில் கொடுத்திருக்கிறேன்.

முதல் உரல் பிழைத்துவிட்டது, அதையும் சொல்லத்தானே வேண்டும். அவசரத்தில் நான் தண்ணீர் வடியவிடாமல் பெரிய சட்டி நிறைய நெல்லைப் போட்டு வறுத்தேன். அது வறுபடவில்லை, அவிந்தது. உரலில் போட்டு இரண்டு போடு போட்டதும் உலக்கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மர்சூக் தேத்தண்ணிக் கோப்பையோடு எட்டிப் பார்த்து, நான் கஞ்சி எண்டன், இவங்க களி எண்டு காட்டிட்டாங்க என்றான். எனக்கு உலக்கையாலேயே அவனுக்குப் போடவேண்டும் போல இருந்தது. அந்த நேரம் தெருவுக்கு அங்கால் இருக்கிற சீதேவிப்பிள்ளை, கோயிலுக்கு அவல் இடித்துக் கொடுக்கிறவள், உனக்குத் தெரியும், மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தாள். நபீஸாக்கா, என்னகா இது, அவல் மணமும் வருது, பிணக்காட்டுப் புகையும் வருது என்றாள். விஷயத்தைச் சொன்னதும் ஓடிப்போய்த் தன் அகன்ற வறை ஓடுகளைக் கொண்டுவந்தாள். இதற்குள் றமீஸா நெல்லைக் கடகங்களில் கட்டித் தூக்கி வடியவிட்டிருந்தாள். ஒரு கைப்பிடி, ஒரு கைப்பிடிதான் போடவேணும் என்கிறாள் இவள், ரெண்டு போடலாம் என்கிறாள் சீதேவிப்பிள்ளை, அதில் ஒரு சண்டை. இவள் விடவில்லை. சூடேறின ஓட்டில் ஒரு கைப்பிடி போட்டுக் கிளறினாள், ஒன்றிரண்டு நெல்லு படபடவென்று பொரிந்ததும் அப்படியே உரலுக்குள், சூடு ஆறமுன்னம் நானும் சீதேவிப்பிள்ளையும் மாறிமாறிப் போட்டோம். சுளகில் கொட்டிப் புடைத்தேன். உமி பறந்தது, அவல் கிடந்தது. மகனே, அந்தக் கறுத்து ஊறின நெல்லுக்குள் இருந்து அப்படி வெள்ளையும் மெல்லிசுமாக அவல் வருமென்று நான் நினைக்கவே இல்லை. கொஞ்சம் தேங்காய்ப்பூ போட்டுச் சுளகோடு வாசலுக்கு அனுப்பினோம். போடியார் ஒரு பிடி வாயில் போட்டார், மென்றார், பிறகு இன்னொரு பிடி, பிறகு இன்னொன்று, பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு நீட்டவேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. வாப்பாதான், போடியார், சுளகையும் தின்னப்போறீங்களா என்று கேட்டுச் சுளகை வாங்கினார். போடியார் வாயைத் துடைத்துக்கொண்டு, மர்சூக், கரத்தைய வெறுங்கரத்தையாவே கொண்டுபோ என்றார்.

அதற்குப் பிறகு இந்தத் தெருவை நீ பார்த்திருக்கவேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஈர நெல்லு கடகத்தில் போனது, இடித்துத் தருகிறவர்களுக்கு அதிலேயே ஒரு பங்கு என்று போடியார் சொல்லிவிட்டார். சீதேவிப்பிள்ளை தன் பக்கத்துப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தாள். விறகெல்லாம் நனைந்து கிடந்தது, சிரட்டையும் மட்டையும் பரணில் இருந்த பழைய ஓலையும் எடுத்து மூட்டினோம், அது தீர்ந்ததும் இடித்த உமியையே அடுப்பில் போட்டோம், அந்த நெல்லின் உமியே அந்த நெல்லை வறுத்தது. குறுணலும் தவிடும் ஆட்டுக்கும் கோழிக்கும், குட்டி போட்ட ஆட்டுக்கு அது நல்ல காலத்தில் கிடைத்த மருந்து. உலக்கைச் சத்தம் தெரு முழுக்க ஒரே இடியாக இடித்ததில், பாங்கு சொல்ல ஏலாம இரிக்கி, கொஞ்சம் நிப்பாட்டுங்க என்று மோதினார் ஆள் அனுப்பினார். நிறுத்தினோம், பாங்கு முடிந்ததும் திரும்பத் தொடங்கினோம். பெண்களுக்குக் கை கொப்பளித்தபோது உன் வாப்பா உலக்கையை எடுத்தார். உன் வாப்பா மகனே, தேத்தண்ணிக் கோப்பையைக்கூடக் கழுவாத மனிசன். எதிர்வீட்டு ஆள், என்ன, ஊட்டுக்காரிக்குப் பதிலா வந்திரிக்கிங்களா என்று கேட்க, ஓம், ஒன்ட ஊட்டுக்காரி கைய வந்து பார், நீயும் வருவாய் என்றார். அவரும் வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கடைசிக் கடகம் இடித்து முடிந்தது. அடியில் கொஞ்சம் நாறிப்போனதை மட்டும்தான் குப்பைக் கிடங்குக்குக் கொடுத்தோம், அதுவும் எருவாகிவிடும். திங்கட்கிழமை காலையில் வெயில் எறித்தது. இவ்வளவு நாளும் எங்கே போயிருந்தாய் என்று நான் வானத்தைப் பார்த்துக் கேட்டேன்.

அதைவிடப் பெரிய வேடிக்கை மர்சூக் திரும்பி வந்தது. பட்டணத்தில் கூப்பன் மாவைத் தின்று சலித்த ஆட்கள் அவலைக் கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அதே கரத்தைகளோடு வந்து நின்றான். போடியார், என்ன மர்சூக், தாறாவுக்கா கேக்கிறாய் என்று கேட்டார். அவன் தலையைச் சொறிந்தான். போடியார் விடவில்லை, எனக்குத் தெரியா, நீ வேலியோட பேசு என்று சொல்லிவிட்டார். அவன் நம் வேலிக்கு முன்னால் வந்து நின்று தொண்டையைச் செருமினான். ஊர் முழுக்கக் கூடிவிட்டது. இவள் உள்ளே நின்று, அடுத்த போகம் வரைக்கும் இஞ்ச ஆக்களுக்கு ஒதுக்கின மறுகா மிஞ்சினாத் தாறம், மிஞ்சாட்டி இல்ல என்றாள். அவ்வளவுதான். அவன் பேரம் பேச வாயைத் திறந்தபோது இவள் அடுப்படிக்குப் போய்விட்டாள், அவன் வெறும் வேலியோடு பேசிக்கொண்டு நின்றான். பிறகு மிஞ்சியதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் போனான்.

மௌலூது மாதம் பிறந்ததும் பள்ளியில் இந்த வருஷம் சோற்றுக்குப் பதிலாக அவலும் தேங்காயும் சீனியும்தான் பங்கிட்டார்கள். சீதேவிப்பிள்ளை வீட்டுப் பக்கத்துக்கும் பெட்டி பெட்டியாகப் போனது. சும்மா பேசுகிற வாய்களும் இருக்கின்றன. கொமர்ப்புள்ள இப்பிடி ஆம்புளைகளுக்கு முன்னால சத்தம் போட்டா ஆரு கலியாணம் பேசி வருவான் என்று ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். அவளுடைய வீட்டுப் பானையிலும் இந்தப் பிள்ளை சத்தம் போட்டதால் வந்த அவல்தான் கிடக்கிறது, அதைத் தின்றுகொண்டுதான் சொன்னாள். நான் சிரித்துவிட்டு இன்னும் ஒரு சுளகு போட்டுக் கொடுத்தேன். வாப்பா இப்போது பள்ளிக்குப் போகிறபோது முன்னால் நடக்கிறார், மற்றவர்கள் பின்னால் வருகிறார்கள்.

இனி உனக்கு ஒரு சொல். கடையில் முளைவிட்ட கிழங்கையும் கனிந்துபோன வாழைப்பழத்தையும் தட்டி விழுந்த அரிசியையும் முதலாளி கூட்டி ஓடையில் கொட்டச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். கடை அவருடையது, ஆனால் கூட்டுகிற தும்புக்கட்டை உன் கையில்தானே இருக்கிறது. கொட்டமுன்னம் கேட்டுப் பார், கிழங்கின் முளையைக் கிள்ளி, பச்சை பிடிக்காததாகப் பார்த்துக் கறி வைக்கலாம், பழத்தை மாவில் பிசைந்து சுடலாம், அரிசியைச் சலித்துக் கஞ்சி காய்ச்சலாம், உனக்கு வேண்டாமென்றால் தோட்டத்து ஆட்களின் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். முதலாளி ஏசினால், உம்மா சொன்னா என்று சொல்லு, என்னை அவர் என்ன செய்வார். கூப்பன் அரிசி கெட்ட மணம் மணக்கிறது என்று வட்டிலில் மீதம் வைக்கிறாயாம், அதையும் அறிந்தேன். நன்றாகக் கழுவி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போடு. அள்ளியதைத் தின்று முடி, தின்ன முடியாததை அள்ளாதே. ஈர நெல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அழுதவள் சொல்கிறேன்.

பதுளைக்குச் சாமான் ஏற்றுகிற லொறிக்காரர் வருகிற கிழமை வருவார், அவரிடம் ஒரு தகரம் அவல் தந்துவிடுகிறேன். தகரத்தைத் திறந்தால் உடனே மூடு, மலைநாட்டு ஈரம் பட்டால் சவுத்துப்போகும். கூடத் தங்கியிருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு, தனியே தின்னாதே. நாலு நாளாகத் திரும்ப மழை பெய்ததில் வேறு வட்டைகளிலும் அறுத்துக் குவித்த சூடு நனைந்துவிட்டது, இப்போது நம் வாசலில் ஓட்டமாவடியிலிருந்து ஈர நெல்லோடு ஒரு கரத்தை வந்து நிற்கிறது, வாப்பா கூப்பிடுகிறார், அதனால் இத்தோடு நிறுத்துகிறேன். உன் ஆயுளில் அல்லாஹ் பரக்கத்துச் செய்யட்டும், உன் கைக்கு ஹலாலான உழைப்பும் உன் வட்டிலுக்குச் சூடான சோறும் குறையாமல் இருக்கட்டும். தொழுகையை விடாதே. நெஞ்சுக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே.

இப்படிக்கு உன் உம்மா,
சித்தி நபீஸா (விரல் அடையாளம்)

காக்கா, இனி இது தங்கச்சி நான். உம்மா விரலை வைத்த கையோடு வாசலுக்குப் போய்விட்டார். மேலே உம்மா சொன்னதையெல்லாம் சொன்னபடிதான் எழுதினேன், ஒன்றைத் தவிர எல்லாம் உண்மை. நான் சத்தம் போடவில்லை. எல்லோரும் பேசாமல் நின்ற நேரம் பார்த்துச் சொன்னேன், அதனால் கேட்டது. ஓட்டமாவடிக்காரர் கொண்டுவந்த மூட்டைகளில் ஒன்றில் நெல்லு முளைவிட்டிருக்கிறது, அது அவலுக்கு ஆகாது. வேலியால் ஒரு கைப்பிடி வாங்கி உமியை உரித்து மென்று பார்த்தேன், இனிக்கிறது. முளையைத் தேய்த்து வறுத்து இடித்து மாவாக்கினால் கூப்பன் மாவோடு கலந்து ரொட்டி சுடலாம் என்று நினைக்கிறேன். இதற்கு முன்னே நான் செய்து பார்த்ததில்லை, சீதேவிப்பிள்ளை அக்காவும் செய்து பார்த்ததில்லையாம். அந்த மனிசர் வேலிக்கு அங்கால் நின்று, இது ஆகுமா தங்கச்சி, இது ஆகுமா தங்கச்சி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், வீட்டில் நிறையப் பிள்ளைகளாம். ஆகும் என்று சொல்லிவிட்டேன் காக்கா. இனி ஆக்கத்தான் வேண்டும்.

தங்கச்சி,
றமீஸா